நல்ல தண்ணீரில் பதினான்கு நாள்

எலெய்ன் மலேசியாவில் நீலாய் ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன்களைப் படம் பிடிக்கும் வேலையில் இருந்தாள். சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக் கோடுகள் ஓடும் வரிமீன்கள். ஒவ்வொன்றையும் ஒரு சின்னத் தொட்டியில் விட்டால், மேலேயிருந்து கேமரா பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும். மீன் போகும் வழியெல்லாம் கணினித் திரையில் ஒரு சிவப்புக் கோடு விழும். எவ்வளவு தூரம் நீந்தியது, எத்தனை விநாடி அசையாமல் நின்றது, நடுவுக்கு வந்ததா, கண்ணாடி ஓரத்திலேயே ஒதுங்கிக் கிடந்ததா என்று மென்பொருள் எல்லாவற்றையும் குறித்து வைக்கும். நல்ல மீனின் கோடு சிக்கு விழுந்த நூல்போலத் தொட்டி முழுக்க நிறைந்திருக்கும். மூன்று வாரம் மருந்துத் தண்ணீரில் இருந்த மீனின் கோடு ஒரு மூலையோடு நின்றுவிடும்.

அந்த மருந்து எஸ்டேட்டில் புல்லைக் கொல்ல அடிப்பது. இதை மட்டும் அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

வீடு செனாவாங்கில். அப்பா பேட்ரிக் இறந்து எட்டு வருடமாகிறது. அம்மா மரியகொரெட்டிக்கு அறுபத்திரண்டு வயது. கோலா கிளாவாங் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய வலது கை ஆட ஆரம்பித்தது. பார்கின்சன் என்றார்கள். இப்போது நடக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

பகலில் பக்கத்து வீட்டு நீலாவதி அவளைப் பார்த்துக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை நீலாவதி லோபாக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். படம் பிடிப்பதை ஒரு நாளும் நிறுத்த முடியாது. எலெய்ன் அம்மாவைக் காரில் ஏற்றி ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போனாள்.

மரியகொரெட்டி திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"இந்த மீனு போகணும்னுதான் பாக்குது," என்றாள் கடைசியில். "ஒடம்பு கேக்க மாட்டேங்குது."

எலெய்ன் திரும்பவில்லை. தொட்டிக்கு மருந்து கலக்க அலமாரியிலிருந்து போத்தலை எடுத்து மூடியைத் திறந்தாள். வாடை அறைக்குள் பரவியது.

"எலெய்னு, அது என்னா?"

"மீனுக்கு ஊத்துற மருந்துமா."

"புல்லு மருந்து லா. இந்த வாடை எனக்குத் தெரியாதா?"

எலெய்ன் போத்தலை மூடிவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுனாலதான் எனக்கு இப்புடி ஆச்சா?"

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா. அதைத்தான் பாக்குறோம்."

"வேலை முடிஞ்சதும் வேலை வாங்குற மண்டோர் ஆளுக்கு ஒரு டின்னு பால் குடுப்பாரு. குடிச்சா மருந்து எறங்கிடும்பாரு. நாங்களும் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவோம்." மரியகொரெட்டி மகள் பக்கம் திரும்பினாள். "ஒன்னைய வயித்துல வச்சிக்கிட்டு ஏழு மாசம் வரைக்கும் அடிச்சேன். கைய நீட்டு."

"எதுக்குமா?"

"நீட்டு."

எலெய்ன் இரண்டு கைகளையும் நீட்டினாள். அம்மா தன் ஆடும் கையை மடியில் அழுத்திக்கொண்டு, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவை ஆடவில்லை. இருந்தும் அவள் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"இந்த மீனுங்கள இனி என்னா செய்வீங்க?"

"திங்கக்கிழமையோட மருந்து நிறுத்திருவோம். அப்புறம் பதினாலு நாள் நல்ல தண்ணில விட்டு, தேறுதான்னு பாப்போம்."

"தேறுமா?"

"தெரியலமா."

அதற்குப் பிறகு தினமும் எலெய்ன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பாள்: "மீனு எப்புடி இருக்கு?" முதல் நான்கு நாளும் எலெய்ன் அப்படியேதான் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னாள். ஐந்தாம் நாள் அம்மா சாப்பிடாமல் காத்திருந்தாள். எலெய்ன் சட்டியிலிருந்து சோற்றை எடுத்துக்கொண்டே, "இன்னிக்குப் பரவால்லமா. ரெண்டு மூணு நல்லா நீந்துச்சு," என்றாள். அம்மா முழுத் தட்டும் சாப்பிட்டாள்.

அன்றைய கோடுகள் முந்தைய நாளைவிடச் சின்னதாக இருந்தன.

பொய்யை நிறுத்த வழி தெரியவில்லை. ஆறு தேறிவிட்டது என்றாள், பிறகு பத்து என்றாள். மரியகொரெட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடந்து பழக ஆரம்பித்தாள். நடந்துபோய் உட்காரும் நாற்காலியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்வதாக நீலாவதி சந்தோஷமாகச் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் பதினோரு மணிக்கு நீலாவதி போன் செய்தாள். துணி எடுக்க அவள் பின்பக்கம் போன நேரத்தில் மரியகொரெட்டி சுவரை விட்டுவிட்டு ஹாலின் நடுவில் நடந்திருக்கிறாள். கால் ஒட்டிக்கொண்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா இன்னும் சிறுத்துத் தெரிந்தாள்.

"மீனு தேறலதானே?" என்றாள்.

"இல்லமா."

"தெரியும். நீ மூஞ்சியக் காட்டாமதான் சொன்ன."

"தெரிஞ்சும் ஏம்மா நடந்தீங்க?"

"நீ சொல்றப்ப கேக்க நல்லா இருந்துச்சு லா."

எலெய்ன் கட்டில் கம்பியில் தலையை வைத்து அழுதாள். அம்மா அவளைத் தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கினாள். அது மகளின் தலைக்கு வந்து சேர நேரமானது.

பதினான்காம் நாள் கடைசிப் பதிவு. தான் பார்த்துக்கொள்வதாக ஆய்வுத் தலைவர் டாக்டர் ரோகினி சொன்னார். எலெய்ன் கேட்கவில்லை. காலையில் போய் இருபத்து நான்கு மீன்களையும் படம் பிடித்தாள். பிறகு விதிப்படி அவற்றை ஒவ்வொன்றாகப் ஐஸ் தண்ணீரில் இறக்கினாள். மூளையை எடுத்துச் சோதிக்க வேண்டும். அசைவு நின்ற பிறகும் ஒவ்வொன்றுக்கும் குறித்த நேரம் முடியும்வரை காத்திருந்தாள். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

மரியகொரெட்டி கட்டிலைவிட்டு எழவேயில்லை. ஐந்தாவது வாரம் நெஞ்சில் சளி கட்டி, ஒரு வியாழக்கிழமை காலை இறந்துபோனாள். எஸ்டேட்டில் அவளோடு மருந்து அடித்தவர்களில் இரண்டு பேர்தான் அடக்கத்துக்கு வர முடிந்தது. எலெய்ன் அவர்களிடம் கை கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒருத்தி நல்லாயிருக்கு என்றாள். மற்றவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இருவரின் போன் நம்பரையும் எலெய்ன் எழுதி வாங்கிக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது நீலாவதி கேட்டாள்.

"மறுபடியும் அந்த மீனு வேலைக்கா போவப்போற?"

"திங்கக்கிழமை புது மீனு வருதுக்கா."

"மனசுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்," என்றாள் எலெய்ன். மழை பிடித்துக்கொண்டது. இருவரும் காருக்கு ஓடாமல் அங்கேயே நின்றார்கள்.