காலியாக விட்ட கட்டம்

"அவனை மாத்தினது நீதான். போன எடத்துல நீ மாறினது போதாதுன்னு அவனையும்—"

"யாரும் யாரையும் மாத்தல அண்ணா, நான் சொல்றத முழுசா—"

"—மாத்திட்டு, செத்ததுக்கப்புறம் எங்கிட்ட கையெழுத்து கேக்கறியா?"

"விசா படிவத்துல டைப்பிங் சென்டர்காரன் மதத்தைத் தப்பா அடிச்சுட்டான். அவ்வளவுதான். போன வாரம்கூட பிரபாசன் கோயிலுக்குப்—"

"டைப் அடிக்கிறவனுக்கு இவன் மேல என்ன அக்கறை? நீ சொல்லாமலா அடிச்சான்?"

சுஹறா ஷார்ஜாவில் தன் வீட்டு அடுக்களையில், சாப்பாட்டு மேசை மேல் ஒலிபெருக்கி போட்டு வைத்திருந்த போனை, அண்ணனே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷம் கழித்து வாசுண்ணி அவளோடு பேசுகிறான். அவள் மொய்தீனைக் கட்டிக்கொண்டு, சுலோசனா என்ற பெயரை விட்ட அன்றைக்கு நின்ற பேச்சு அது.

"சவப்பெட்டியை இங்க அனுப்பற வேலையும் வேண்டாம்," என்றான் வாசுண்ணி. "அப்பாவையும் அம்மாவையும் எரிச்ச தெக்குத் தோட்டத்துல அந்தப் பெட்டி இறங்காது. ஊர்ல கேக்கறவனுக்கெல்லாம் நான் என்னன்னு பதில் சொல்றது?"

போன் அணைந்தது.

பிரபாசன் இவர்கள் இருவருக்கும் தம்பி. ஏ.சி. மெக்கானிக். ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு கட்டிடத்து மொட்டை மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. நாற்பத்திநாலு வயது. கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. விசாப் பதிவைப் பார்த்து ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் பெயர் சரி, ஊர் சரி. மதம் என்ற கட்டத்தில் மட்டும் முஸ்லிம் என்றிருந்தது. முஸ்லிமை எரிக்க அங்கே அனுமதி கிடையாது.

அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்னால் எரியூட்ட அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். சுஹறாவின் தலைமுக்காட்டையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களே முஸ்லிம். உங்க தம்பி இல்லேன்னு சொல்றீங்க."

"ஆமா சார். கடைசி வரைக்கும் இந்துவாத்தான் இருந்தான்."

"நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பினா போதாது. ஊர்ல இருக்கிற ரத்த சொந்தம் எழுதிக் குடுக்கணும், உங்க தூதரகம் அதுல முத்திரை வைக்கணும். வியாழக்கிழமை வரைக்கும் பாக்கறேன். வரலேன்னா, பதிவுல இருக்கிறபடி அடக்கம் பண்ண வேண்டியதுதான்."

வெளியே வந்ததும் மொய்தீன் மெதுவாகக் கேட்டார். "சுஹறா, மண்ணுக்குள்ள போனா என்ன, நெருப்புல போனா என்ன? நம்ம ஆளுங்க மரியாதையாத்தான் செய்வாங்க."

"மரியாதைக்கென்ன இக்கா குறைச்சல்? அது அவன் கேட்ட மரியாதை இல்லையே. நம்ம வீட்ல இருந்தப்போ என் நோன்புக்கு மூணு மணிக்கு எழுந்து எனக்குச் சுலைமானி டீ போட்டுக் குடுத்தவன் அவன். எனக்கு என் வழியை விட்டான். அவன் வழியை நான் அடைக்கலாமா?"

மொய்தீன் வாசுண்ணியின் நம்பரைத் தேடிக் கொடுத்தார்.

வாசுண்ணி மறுத்த பிறகு, இறந்தவர்களின் காகிதங்களுக்காக ஓடி உதவுகிற குரியாக்கோஸ் என்பவர், தூதரகப் படிவத்தை அவனுக்கு அனுப்பி, தானே போனில் பேசிக் கெஞ்சினார். இரண்டு நாளில் படிவம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு சுஹறாவின் வீட்டுக்கு வந்தவர், நாற்காலியில் உட்காராமலே நின்றார்.

"அக்கா, இந்துன்னு எழுதிட்டார். வில்லேஜ் ஆபீஸ் முத்திரையும் இருக்கு. இங்க காரியம் செய்ய சுஹறாவுக்குச் சம்மதம் தர்றேன்னும் இருக்கு. ஒரே ஒரு கட்டத்தைத்தான் விட்டுட்டார்."

"எந்தக் கட்டம்?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். *சம்மதம் பெறுபவர் சம்மதம் தருபவருக்கு என்ன உறவு.* அந்தக் கட்டம் துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்தது.

"மறந்திருப்பாரு," என்றார் மொய்தீன்.

"மறக்கல," என்றாள் சுஹறா. "எழுத வரல."

"இதைத் தூதரகத்துல வாங்க மாட்டாங்க அக்கா. உறவு இல்லாதவங்க கையில ஒடம்பைக் குடுக்கமாட்டாங்க."

அவள் போனை எடுத்தாள். இந்தத் தடவை சண்டைக்கு நிற்கவில்லை.

"அண்ணா, போனை வெக்காதே, ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நான் உங்கிட்ட பாதிதான் சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடி விசாவுக்கு நானும் அவனும் சேர்ந்துதான் அந்த டைப்பிங் சென்டருக்குப் போனோம். என் பேருக்குக் கீழே அவன் பேரை அடிச்ச பையன், என் கட்டத்துல இருந்ததையே அவனுக்கும் அடிச்சுட்டான். நான் பாத்தேன். திருத்தணும்னா மொதல்லேருந்து எழுதணும், ஒரு வாரம் ஆகும்னான். பிரபாசன் சிரிச்சான். ‘காகிதத்துல தானே இருக்கு, நெத்தியிலயா எழுதியிருக்கு, விடு’ன்னான். யார் பாக்கப் போறாங்கன்னு நானும் விட்டுட்டேன். பாத்துட்டு விட்டேன் அண்ணா. அது என் தப்பு. அதுக்கு நீ என்னை என்ன வேணாலும் கேளு. ஆனா நீ விட்ட கட்டம் யாரு தப்பு?"

மறுமுனையில் வாசுண்ணி இருமினான். பிறகு, கொஞ்சம் தள்ளியிருந்து ஒரு பெண் குரல். அண்ணி தங்கமணி.

"எழுதித் தொலைங்களேன். என்ன எழுதறதுன்னு தெரியலையா, இல்ல கண்ணு தெரியலையா? மூக்கு மேல இருக்கிற கண்ணாடி யாரு வாங்கி அனுப்பினது? பிரபாசன் கடைக்குப் போயி உங்க பவர் சொல்லியா வாங்கினான்? வருஷா வருஷம் ஓணத்துக்கு வர்ற வேட்டியோட கரை யாரு பாத்து எடுத்ததுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ வாங்கின கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தானே அவ கட்டத்தைக் காலியா விட்டீங்க."

"நீ சும்மா இரு."

"பத்தொம்பது வருஷம் சும்மாத்தான் இருந்தேன். பையன் ஐஸ்ல கிடக்கறான்."

போன் அணைந்துவிட்டதோ என்று சுஹறா எடுத்துப் பார்த்தாள். அணையவில்லை.

அன்று சாயங்காலமே படிவம் மறுபடி வந்தது. காலியாக இருந்த கட்டத்தில், ‘தங்கை’ என்று இருந்தது. ஒரு தரம் எழுதி அடித்து, மறுபடி எழுதியிருந்தான்.

புதன்கிழமை பிற்பகல் பிரபாசன் பிணவறையை விட்டு வெளியே வந்தான். ஒன்பது நாளாகியிருந்தது. அவனோடு ஒரே அறையில் இருந்தவர்கள் நாலு பேர் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தவர் மொய்தீன். மயானத்தில் மந்திரம் சொல்ல வந்தவர், "கொள்ளி வைக்கிறது யாரு?" என்று கேட்டார்.

குரியாக்கோஸ் கையில் பிடித்திருந்த போனில் வாசுண்ணியின் முகம் தெரிந்தது. சவரம் செய்யாத முகம், அந்தக் கண்ணாடி.

"அங்க இருக்கிற அவளே வெக்கட்டும்," என்றான். பெயர் சொல்லவில்லை.

சுஹறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனாள். எல்லாம் முடிந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை வாங்கினாள். கழுவிய பிறகும் விரலில் நெய் வாசனை இருந்தது. அந்தப் பக்கம் அண்ணன் அழுதுகொண்டிருந்தான்.

"அழாதே அண்ணா," என்றாள். "நாம ரெண்டு பேரும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். யாரு பாக்கப் போறான்னு நான் விட்டது ஒரு கட்டம். வேற மதத்துக்குப் போனவளை உறவுன்னு சொல்ல மாட்டேன்னு நீ விட்டது ஒரு கட்டம். என்னை வெட்டிவிட்டா எனக்கு மட்டும்தான் வலிக்கும்னு நீ இருந்தே. கடைசியில நமக்கு நடுவுல ஒன்பது நாள் கிடந்தது அவன். சாமியை வேற வேற பேர்ல கூப்பிடலாம். அதுக்காகக் கூடப்பொறந்தவங்களைக் கூப்பிடாம இருக்கிறது பாவம்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"காகிதத்துல எழுதிட்டே. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆகி, இங்கேருந்து யாராவது கூப்பிட்டு, சுஹறா உங்களுக்கு யாருன்னு கேட்டா, வாயால என்ன சொல்லுவே அண்ணா?"