கைவண்டி மகானுக்குப் பதினொரு கதவுகள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு ஒதுங்கின இடத்தில் கிடைத்த கதை இது. ஒரு சமூகக்கூடத்தின் வாசலில் நின்றேன். உள்ளே நாற்பது பேர் "எங்கள் வீட்டுக் கதவு திறந்தது" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். சுருதி ஆளுக்கொரு பக்கம் போனது. இத்தனை பேர் இவ்வளவு அடித்துச் சொல்கிறார்கள் என்றால் எங்கோ ஒரு கதவு சாத்தியிருக்க வேண்டும் என்று பட்டது. மழை விட்டது, வந்துவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அந்தத் தெருவில் ஒரு மகான் வாழ்ந்து" (வேண்டாம். மகானில் தொடங்கினால் வாசகர் கைகூப்பிவிடுவார். கைகூப்பியவரிடம் கதை சொல்ல முடியாது.)

"பாட்டு டீச்சருக்குக் காலையிலிருந்தே தலைவலி, ஏனென்றால்" (ஏனென்று எனக்கே தெரியவில்லை.)

"பதினொரு வீட்டிலும் கதவைத் திறந்தார்கள். ஆனாலும் அவர் தெருவில்தான் செத்தார்." (இது இருக்கட்டும்.)

3

பாட்டு டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லித்தருகிறவர். தெருக்காரர்கள் கூடி, தங்கள் மகானைப் பற்றி ஓர் இசை நாடகம் போடலாம் என்று முடிவெடுத்து, எழுதும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். வசனமே கிடையாது. தண்ணீர் கேட்பதானாலும் பாடித்தான் கேட்க வேண்டும்.

மகான் வேறு யாருமில்லை, கைவண்டி இழுத்தவர். எண்பது வருஷத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சல் பரவியபோது, தொடவே ஆளில்லாத நோயாளிகளைத் தன் வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். கடைசியில் அவருக்கே காய்ச்சல் கண்டது. அந்தத் தெருவில் வீடு வீடாகத் தட்டினார். பொழுது சாய்வதற்குள் தெருமுனையில், தன் வண்டியிலேயே இறந்து கிடந்தார்.

டீச்சர் நோட்டும் கையுமாகப் பதினொரு வீடும் ஏறி இறங்கினார். முதல் வீட்டில் தண்ணீர் கொடுத்தோம் என்றார்கள், அடுத்த வீட்டில் பால். மூன்றாவது, பல் டாக்டர் வீடு. எங்கள் மாமா மடியில்தான் தலைவைத்துப் படுத்தார் என்று டாக்டர் கண் கலங்கினார். பதினோராவது வீடு டீச்சருடையது. அங்கே தலையணை கொடுத்ததாக அவருடைய அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவர் அவர்.

இவ்வளவு கவனிப்பில் மனுஷர் எப்படிச் செத்தார் என்று டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டார். கதவைச் சாத்துகிறவராகப் பாட ஒருவரும் தயாரில்லை. சாத்திய கதவைப் பக்கத்துத் தெருவில் வைத்துவிடலாமே என்று பல் டாக்டர் யோசனை சொன்னார்.

4

டீச்சருடைய அத்தையைக் கொண்டுவரலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். உண்மை தெரிந்த வயதானவர் சரியான நேரத்தில் வாயைத் திறப்பது எழுதுகிறவனுக்கு ரொம்பச் சௌகரியம். அதனாலேயே எனக்கு அவர்மேல் சந்தேகம். அவரும் லேசில் வாயைத் திறக்கவில்லை. எண்பத்தாறு வயதில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.* தலையணைப் பாட்டை டீச்சர் பாடிக் காட்டியதும்தான் பேனாவை மூடினார்.

"தலையணையெல்லாம் உங்க அப்பன் சேத்துக்கிட்டது. அவனுக்கு அப்ப மூணு மாசம், அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு ஆறு வயசு, பக்கத்துல நின்னேன். எங்கப்பா கதவைத் திறக்கல. உள்ள இருந்தே, மரியாதையாத்தான் சொன்னாரு. 'குழந்தை தூங்குது, வேற வீட்டைப் பாருங்க'ன்னு."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டார்.

"எல்லாரும் சொன்னீங்க. யாரு கேட்டீங்க?"

கதவு திறந்திருந்தால் காய்ச்சல் உள்ளே வந்திருக்கும். தூங்கிய குழந்தை பிழைத்திருக்காது. டீச்சரும் இல்லை, அவருடைய அண்ணனும் இல்லை. டீச்சர் அழுதார். தாத்தாமேல் கோபமா நன்றியா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

(* குறுக்கெழுத்து பிறகு சேர்த்தது. முதலில் எழுதியபோது அத்தை சும்மா உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பயமாக இருந்தது.)

5

அண்ணனுக்கு ஜெராக்ஸ் கடை. தெருவிலேயே நல்ல குரல் அவருக்குத்தான், மகானாகப் பாட இருந்தவரும் அவர்தான். டீச்சர் புதுப் பக்கம் எழுதினார்: பதினோராவது வீடு, சாத்திய கதவு, தாத்தா சொன்ன அதே வார்த்தைகள். அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், மற்ற தாள்களுக்கு நடுவே செருகி, நாற்பது பிரதி போடக் கொடுத்தனுப்பினார். (கோழைத்தனம். வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.)

அண்ணன் போன் செய்தார்.

"இதை எடுத்துடு. அப்பா பேரு என்னாகும்? நான் இந்தத் தெருவுல தலைநிமிந்து நடக்கணுமா வேணாமா? எடுக்கலன்னா என்னை விட்டுடு, நான் பாட வரல."

"எடுக்க மாட்டேண்ணா."

போன் வைக்கப்பட்டது. டீச்சருக்குக் கூடப்பிறந்தவர் அந்த ஒருவர்தான். நாடகத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

டீச்சர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார். நாடகம் அமோகமாக நடக்கிறது. எல்லோரும் எழுந்து நின்று (இதற்குமேல் கை ஓடவில்லை.)

அண்ணன் வரவில்லை, பல் டாக்டர் மகானாகப் பாடுகிறார். (அவருக்குத் தாளம் நிற்காது. பாவம் மகான்.)

அண்ணன் ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டு (அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.)

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை. மேடையில் ஒட்டுப்பலகையில் செய்த பதினொரு கதவுகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு கைவண்டி.

அண்ணன் வந்தார். கையில் நாற்பது பிரதிகள், எல்லாம் ஸ்டேப்ளர் அடித்தது, ஒரு பக்கம் குறையவில்லை. ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். தங்கையைப் பார்க்காமலே பேசினார்.

"மகானா வேற யாராவது பாடட்டும். நாற்பது தடவை அந்த வரியைப் பாத்துட்டேன். இனிமே அவரு வேஷம் போட எனக்குக் கூச்சமா இருக்கு."

பதினோராவது கதவுக்குப் பின்னால் போய் நின்று பாடினார். குழந்தை தூங்குது, வேற வீட்டைப் பாருங்க. தாலாட்டு மாதிரி அவ்வளவு மெல்லப் பாடினார்.

பல் டாக்டர் பிரதியைக் கொஞ்சநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். மாமா உண்மையில் தன்னிடம் சொன்னது வேறு என்று முணுமுணுத்துவிட்டு மூன்றாவது கதவுக்குப் பின்னால் போனார். அடுத்து தண்ணீர் வீட்டுக்காரம்மா போனார், பிறகு பால் வீட்டு அண்ணன் தம்பிகள், அப்புறம் ஒவ்வொருவராக மீதிப்பேரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியாக டீச்சரும் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் போனார். அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார்.

8

எனக்குச் சங்கடம் இங்கேதான். நேற்றுவரை கதவைச் சாத்த ஆளில்லை. இன்று நாற்பது பேரும் உள்ளே இருக்கிறார்கள், தட்ட ஆளில்லை.

"அப்போது கூடத்துக்குள் ஓர் அந்நியர் நுழைந்து" (ஏமாற்று வேலை. அடித்துவிட்டேன்.)

"நானே மேடையேறி" (அதுவும் பொய். நான் எந்தப் பக்கம் நின்று இதை எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும்.)

இந்தக் கதையில் எந்தக் கதவுக்குப் பின்னாலும் போகாதவர் நீங்கள் ஒருவர்தான். வாருங்கள். குரல் சுமாராக இருந்தால் போதும். காய்ச்சல் அடிக்கிறது, வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், முதல் கதவுக்கு முன்னால் நில்லுங்கள். தண்ணீர் கிடைக்குமா என்பதுதான் உங்கள் வரி. தட்டிவிட்டுப் பாடுங்கள்.

என்ன பதில் சொல்வதென்று உள்ளே நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.