சும்மாவே ஐந்து காட்டும் கேஜ்

சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலுக்குப் போன என் மாமனார் குமாரசாமி, கார் டிக்கியை மூட முடியாத அளவுக்குச் சாமான்களோடு திரும்பினார். கூடப் போன கவின், என் கணவர், என் முகத்தைப் பார்க்காமல் அட்டைப் பெட்டிகளை இறக்கிவைத்தார்.

முதலில் வந்தது ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம். மூடியைச் சுற்றி ஆறு திருகாணிகள். மேலே கடிகாரம் மாதிரி ஒரு பிரஷர் கேஜ்.

"ஏனுங்க, இதென்ன குண்டாட்ட இருக்குது?" என்றார் அத்தை.

"கேனரு. ஜாடியோட உள்ள வெச்சு வேகவெச்சா காத்துப் புகாம சீல் ஆயிரும். வருசக்கணக்குல கெடாதாமா. வித்த பாட்டி சொல்லுச்சு."

"எத்தன விசிலு?"

"இதுல விசில் கெடையாது மரகதம். கேஜப் பாத்துக்கோணும்."

"விசில் இல்லாம வெந்துருச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பெட்டிகளில் பழைய கண்ணாடி ஜாடிகள் இருந்தன. இளநீல நிறம். துத்தநாக மூடிகள். வெயிலில் பிடித்தால் சமையலறைச் சுவரில் கடல் அசைந்தது. அழகாக இருந்தன என்பதை மறுக்க முடியாது.

அடுத்த ஞாயிறு அமெரிக்காவில், எங்கள் சான் ரமோன் வீட்டில் கவினின் தங்கை தென்றலுக்கு வளைகாப்பு. இந்தப் பக்கத்து விசேஷங்களில் வாங்கும் குங்குமச் சிமிழை அடுத்த விசேஷத்தில் யாருக்குத் தள்ளிவிடலாம் என்று எல்லோரும் யோசிப்பது வழக்கம். மாமா வேறு மாதிரி யோசித்திருந்தார். நீல ஜாடியில் பூண்டுத் தொக்கு. சீல் வைத்தது. வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று.

"கல்யாணத்துக்கு எல்லாமே காண்ட்ராக்ட்ல உட்டுட்டேன். இதாவது எம்புள்ளைக்கு நான் கையால செஞ்சேன்னு இருக்கட்டும்," என்றார். கோவையில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் தொக்கு மட்டும் எப்போதும் அவர் கை.

நான் மைக்ரோபயாலஜி எம்.எஸ்ஸி. கல்யாணமாகி, வேலை பார்க்க முடியாத டிபெண்டன்ட் விசாவில் வந்தவள். அந்தப் படிப்பால் இங்கே ஒரே ஒரு பயன். பால் கெட்டுவிட்டதா என்று வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கும் போட்டுலினம் கிருமியின் வித்துகள் அதோடு வரும். தண்ணீர் கொதிக்கும் சூட்டில் அவை சாவதில்லை. எண்ணெய்க்கு அடியில், காற்றில்லாத ஜாடியில், புளிப்பும் போதாவிட்டால் அவை முளைக்கும். அவை உண்டாக்கும் நஞ்சுக்கு வாசனை இல்லை, ருசி இல்லை. தசைகளை முடக்கும். கடைசியில் மூச்சையும். வளைகாப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள். மீதிப் பேர் கைக்குழந்தைக்காரர்கள்.

கேனர் மேசை மேல் காலியாகத் திறந்து கிடந்தது. பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டிய கேஜின் முள் ஐந்தில் நின்றது. மாமாவுக்குக் காட்டினேன். விரலால்தான். வாய் வரவில்லை.

"பழைய காலத்து மெஷினல்ல அம்மிணி, மரியாதைக்கு அஞ்சு காட்டுது. நாம கழிச்சுக்கிட்டாப் போச்சு."

தலையாட்டினேன். ஒரு ஜாடி மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தை லேசாக வளைத்தேன். அப்பளம் மாதிரி ஒடிந்தது. ஒடிந்த துண்டையும் அவரிடமே கொடுத்தேன். "டேப் ஒட்டிக்கலாம்," என்றார்.

மாடிக்குப் போய்க் கவினிடம் சொன்னேன்.

"நீங்க சொல்லுங்க."

"நீயே சொல்லேன். நீதானே படிச்சிருக்க."

"நான் எப்படி அவர்கிட்ட?"

"நான் சொன்னா வேஸ்ட் கயல். பிளஸ் டூ பயாலஜில நான் எவ்ளோ வாங்கினேன்னு அவருக்குத் தெரியும்."

செவ்வாய்க்கிழமை மாமா ஒரு ஜாடியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சோதித்தார். டக்கென்று ஒரு சத்தம். ஜாடியைத் தூக்கினார். அடிப்பாகம் வட்டமாக மேடையிலேயே தங்கிவிட்டது. தண்ணீர் அத்தையின் சேலைக்கு வழி கண்டுபிடித்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"திருஷ்டி கழிஞ்சுருச்சு," என்றார் மாமா.

அவர் யார் சொன்னாலும் கேட்காதவர் இல்லை. வாட்ஸ்அப் சொன்னால் கேட்பார். ஒரு ஃபார்வர்டுக்குப் பிறகு தண்ணீரை உட்கார்ந்துதான் குடிக்கிறார். இன்னொன்றுக்குப் பிறகு ஃபோனைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மாற்றினார். ஆகவே வியாழக்கிழமை நான் ஒரு ஃபார்வர்டு எழுதினேன்.

"அதிர்ச்சித் தகவல்!" என்று ஆரம்பித்தேன். ஆச்சரியக்குறி போடும்போது கூச்சமாக இருந்தது. பூண்டும் எண்ணெயும் சேர்ந்த தொக்கை ஜாடியில் சீல் வைத்து வெளியே வைக்கவே கூடாது என்று எழுதினேன். பழைய ஜாடிகள் சூட்டில் வெடிக்கும். ரப்பர் அப்பளம் மாதிரி ஒடிந்தால் காற்று புகும். மூடி திறந்திருக்கும்போதே முள் ஐந்து காட்டும் கேஜை நம்ப வேண்டாம். எழுதியது சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, கோவையில் இருக்கும் என் கல்லூரித் தோழி ப்ரியம்வதாவுக்கு அனுப்பினேன். இங்கே சாயங்காலம். அங்கே விடிகாலை, ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் எழுந்திருக்கும் நேரம்.

"ஒரே வீட்டுலதானேடி இருக்கீங்க?" என்று கேட்டாள். ஆனாலும் தன் அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டாள்.

மறுநாள் காலை மாமாவின் வாட்ஸ்அப் மணியடித்தது. ஈரோட்டிலிருந்து அவருடைய சித்தப்பா மகன் பாலசுப்ரமணியன் அனுப்பியிருந்தார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். என் வாக்கியங்கள். வரிசை மாறாமல் வந்தன. நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனால் கவலை வேண்டாம்," என்று மாமா தொடர்ந்தார். நான் நிமிர்ந்தேன். அதை நான் எழுதவில்லை. "ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்தால் இந்தக் கிருமி நூறு சதவீதம் அழியும் என்பதை நம் முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தனர். பதினோரு பேருக்கு அனுப்பவும்."

"மஞ்சதானே? ஏற்கெனவே போட்டிருக்குதுங்களே," என்றார் அத்தை.

"இன்னொரு கரண்டி போடு. நல்லவேளை, பாலு அனுப்புனான்."

வழியில் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் சேர்த்திருக்கிறார். அரை மணி நேரத்தில் வீட்டின் பின்பக்கத்துக் கேஸ் அடுப்பில் கேனர் ஏறியது. உள்ளே, காலையில் கிளறிய தொக்கு நிரப்பிய நீல ஜாடிகள். மாமா ஸ்பானரோடு திருகாணிகளை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றேன். லைட்டரை எடுத்தார்.

"மாமா, மஞ்சளுக்கு அது சாகாது!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த வீட்டில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல்முறை.

"எது சாகாது?"

"அந்தக் கிருமி. கெட்டுப்போச்சுன்னு மோந்து பாத்தாலும் தெரியாது மாமா. சாப்பிட்டவங்களுக்கு மூச்சே நின்னுபோகும். இந்தக் கேஜ் பொய் சொல்லுது. சரியான கேஜா இருந்தாலும் பூண்டுத் தொக்க வீட்டுல சீல் பண்றதுக்கு இவ்ளோ சூடு, இவ்ளோ நேரம்னு சோதிச்ச கணக்கே கிடையாது. தென்றல் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மாசமா இருக்காங்க. இத யாருக்கும் குடுக்க வேண்டாம்."

மாமா லைட்டரைக் கீழே வைத்தார். கேஜைப் பார்த்தார். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை. முள் ஐந்தில் நின்றது.

"காலைலிருந்தே எனக்கொரு சந்தேகம்," என்றார். "ஈரோட்டுல இருக்கற பாலுவுக்கு நம்ம கேஜ் அஞ்சு காட்டறது எப்படித் தெரியும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

அத்தைதான் முதலில் சிரித்தார். "ஏங்கண்ணு, அடுப்படியிலிருந்து ஹாலுக்குச் சொல்றதுக்கு ஈரோடு சுத்தியா வரோணும்?"

மாமா சிரிக்கவில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "அப்ப எம்புள்ளைக்கு நான் என்ன பண்றது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாரம் முழுக்க யோசித்திருந்தேன். வாய்தான் இல்லை.

"தொக்கு ஃப்ரீசர்ல இருக்கட்டும் மாமா. ஞாயித்துக்கிழமை பந்தியில தயிர்சாதத்தோட வெப்போம். ஜாடில காஞ்ச பொருள் போடலாம். நீங்க கொள்ளுப்பொடி வறுத்து அரைங்க. கவர்ல போட்டு உள்ள வெச்சாப் போதும்."

மாமா கேனர் மூடியைத் தூக்கிக் கீழே வைத்தார். "கொள்ளு எந்தக் கடைல நல்லாருக்கும்?" என்றார்.

அன்று மாலை இருவரும் ஜாடிகளைக் கழுவி, வாயோரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தோம். விரிசலும் பொக்கையும் உள்ளவை பூ வைக்க. மற்றவை பொடிக்கு. மாமா பொக்கை கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர். மில்லில் அதுதான் வேலையே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கேனரில் ஐஸ் நிரப்பி மோர் பாட்டில்களை வைத்தோம். தென்றல் கை நிறைய வளையலோடு மூன்றாவது முறை தொக்கு கேட்டாள். அப்பா செய்தது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். மாமா மில் சத்தத்துக்குப் பழகியவர் போல எதுவும் கேட்காத பாவனையில் நின்றார்.

விருந்துக்கு வந்திருந்த மீனாக்ஷி ஆன்ட்டி நீல ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். "அங்கிள், நானும் ஊறுகாய் எல்லாம் இப்படி சீல் பண்ணலாம்னு இருக்கேன். எத்தனை விசில்?"

"எம்மருமகளக் கேளுங்க. அவ இதுக்குன்னே படிச்சவ."

ஆன்ட்டிகள் என் பக்கம் திரும்பினார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இரண்டாவது முறை நாய் குரைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மாமா ஃபோனை நீட்டினார். "அந்த மெசேஜ மறுக்கா எழுது அம்மிணி. மஞ்ச வேலைக்காகாதுன்னு சேத்துக்கோ. கீழ உம்பேரப் போடு. பேரில்லாததாலதான் ஆளாளுக்குக் கைய வெக்கறாங்க."

எழுதினேன். ஆச்சரியக்குறி போடவில்லை. மாமா அனுப்பினார்.

மறுநாள் காலையே ஈரோட்டிலிருந்து அது திரும்பி வந்தது. மாமா சத்தமாகப் படித்தார். "அமெரிக்காவின் மூத்த விஞ்ஞானி டாக்டர் கயல் அம்மையார், வயது அறுபத்திரண்டு, விடுக்கும் எச்சரிக்கை."

கவினுக்குக் காபி புரையேறியது.

மாமா கடைசி வரைக்கும் படித்தார். கடைசியில் அந்தச் சிட்டிகை மஞ்சளும் பத்திரமாக வந்திருந்தது.

"பாலுவக் கூப்புட்டு உன் வயசத் திருத்தச் சொல்லட்டுமா?" என்றார்.

"வயசு இருக்கட்டும் மாமா," என்றேன். "மஞ்சள எடுக்கச் சொல்லுங்க. ஃபோனக் குடுங்க, நானே பேசறேன்."