பதம் போட்ட உடம்பு

1962, சித்திரை மாதத்து மத்தியானம். பேகம்பூரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சர்புன்னிசாவுக்கு, எதிரில் வந்து நின்றவனைப் பார்த்ததும் அரிவது மறந்துபோயிற்று. மாமு மகன் முனீர். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், இவளோடு நடக்க இருந்த நிக்காஹ்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது காணாமல் போனவன். இவளுக்கு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. தலை நரைத்து, இரண்டு பல் போய், முழங்கால் வீங்கிக் கிடக்கிறாள். அவனுக்கோ அதே இருபத்துநாலு. புருஷன் மௌத்தாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. பாழாய்ப்போன மனசு குதியாட்டம் போட்டது.

“எப்படி மச்சான்?”

“பதம் போட்டுக்கிட்டேன் சர்பு.”

பெருமை வேறு! இவள் அத்தாவோடு தோல் பதம் போடும் ஷாப்பில் வேலை பார்த்தவனல்லவா, புத்தி அந்த வழியில்தான் போயிருக்கிறது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய ஆட்டுத்தோல் அழுகாதென்றால் மனுஷத்தோல் மட்டும் ஏன் அழுகணும் என்று, வடக்கே போய் ஏதேதோ மருந்து கலக்கித் தன்னையே தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறான். அந்தக் கண்றாவி பலித்தும் தொலைத்திருக்கிறது.

“பொம்பளை உடம்புக்கு அளவு கண்டுபிடிக்கத்தான் இம்புட்டு நாளாச்சு. ஒரு வாரம் ஊறுனாப் போதும்.” அவள் கன்னத்தைப் பார்த்து முகம் சுளித்தான். “இம்புட்டுக் கிழவியாப் போயிருப்பேன்னு நெனக்கல. இதுக்கு மேல சுருங்காமயாச்சும் நிறுத்திப்புடலாம்.”

சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்தான். அந்த வெயிலிலும் அவன் கையில் பொட்டு வேர்வை இல்லை. புதுச் செருப்பைத் தொட்ட மாதிரி இருந்தது. பட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. அவன் விரல் அரிவாள்மனையில் பட்டுத் தோல் பிளந்தது. ரத்தம் வரவில்லை, அவனுக்குத் தெரியவும் இல்லை. சர்புன்னிசா ஓங்கரித்தாள்.

“அட கருமமே! எங்கத்தா செத்த தோலத்தானே மச்சான் பதம் போட்டாரு? உசுரோட இருக்குறத எவனாச்சும் போடுவானா?”

“உனக்காகத்தான் சர்பு.”

“இந்த மூஞ்சிய நெனச்சுக்கிட்டா இத்தனை வருஷம் அந்த மனுஷன் பக்கத்துல படுத்துக் கெடந்தேன்? த்தூ! எந்திரிச்சுப் போ. கொமட்டுது.”

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “யோசிச்சு வையி, நாளைக்கு வாரேன்” என்று சிரித்துவிட்டு இறங்கி நடந்தான்.

தெரு நாய் ஒன்று எழுந்து அவன் காலை மோந்தது. கூடவே கொஞ்ச தூரம் போய், அவனுடைய குதிகாலைக் கவ்வியது. முனீர் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரைக்கும் நாயையும் இழுத்துக்கொண்டே நடந்தான்.