செவுள் ஓரத்துச் சிவப்பு

லேத்துப் பட்டறையை மூடிய பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரு மோட்டார் சைக்கிளும் யாரையும் நம்பாத குணமும்தான். மோட்டார் சைக்கிளை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு மீன் வாங்கினார். மச்சினனுக்கு மீன் இறக்குமதி செய்கிற கிடங்கில் வேலை. கல்யாணம் ஆகாதவன், அக்கா என்றால் உயிர்.

"சிவப்பு அரோவானா மாமா. தொட்டியில வளக்கற ஒசத்தி ஜாதி, ஒரு வண்டி வெல பெறும். குட்டியில வெள்ளையாத்தான் இருக்கும். வளர வளர சிவக்கும். தொட்டிக்குப் பின்னால கறுப்புத் தாள் ஒட்டுங்க" என்றான்.

"எதுக்கு? குறைய மறைக்கவா?"

தொட்டியின் பின்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்தார். கட்டிலில் படுத்தபடியே மீனின் ஒவ்வொரு செதிலும் தெரியவேண்டும் என்று மேலே பளிச்சென்று விளக்கு மாட்டினார். மீன் இறாலையும் தவளையையும் முழுசாக விழுங்கி முழங்கை நீளம் வளர்ந்தது. பார்வையில் ஒரு முரட்டுத்தனம் வந்தது. சிவப்பு மட்டும் வரவில்லை. வெளுத்த தகரம் போல விறைப்பாக மிதந்தது.

வருஷங்கள் ஓடின. ஒரு விசேஷ வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், நாலு பேர் காது கேட்க அவர் வாயை விட்டார். "மலிவான பச்சை ஜாதி மீனைச் சிவப்புன்னு என் தலையில கட்டின திருட்டுப்பய இவன்தான்."

மச்சினன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். அன்று சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு நடந்தே போனான். அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அப்புறம்தான் அவனுக்கு உடம்பு கெட்டது.

"தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க" என்றாள் மனைவி. "ஊருக்கு அந்தக் கோடியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி ரத்தம் சுத்தம் பண்ண வர்றான். ஆஸ்பத்திரி நம்ம தெருமுனையிலதான இருக்கு. முன்ரூம் சும்மாதான கெடக்கு."

"மீன் சிவக்கட்டும். வரட்டும்."

"மீன் எப்ப சிவக்கறது, அவன் எப்ப பொழைக்கறது?"

"உன் தம்பியக் கேளு. சிவக்கும்னு சொன்னவன் அவன்தான்."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. தொட்டித் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று சாக்கு சொல்லி, கடைத்தெருவில் மீன் தொட்டி விற்கிறவரை வீட்டுக்கு வரவழைத்தாள். கடைக்காரர் மோட்டாரைத் தொடாமல் மீனையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, இது அசல் சிவப்பு ஜாதிதான். மீசையப் பாருங்க, துடுப்பு நுனியப் பாருங்க, லேசா சிவப்பு ஓடுது. பச்சை ஜாதின்னா வால்ல கறுப்புக் கோடு கெடக்கும். இதுல எங்க இருக்கு?"

"அப்ப ஏன் சிவக்கல?"

"பின்னால வெள்ளை, தலைக்கு மேல இந்த வெளிச்சம். சுத்தி வெளுப்பா இருந்தா மீன் தன் நெறத்தக் கொறச்சுக்கும். அதுக்குத் தெரிஞ்ச ஒளிஞ்சுக்கற வழி அது."

"இதச் சொல்ல என் மச்சினன் உனக்கு என்ன குடுத்தான்?"

"அவர் ஒண்ணும் குடுக்கல. நீங்களும் ஒரு டீகூட குடுக்கல" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மனைவி ஒரு கறுப்புப் போர்வையைத் தொட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டாள். விளக்கையும் மாற்றினாள். "இதுல கை வெச்சீங்கன்னா சோறு நீங்கதான் ஆக்கிக்கணும்." அவர் முறைத்தார். கை வைக்கவில்லை.

மாதங்கள் போயின. ஒரு காலையில் செவுள் மூடியின் ஓரத்தில், வெல்டிங் ஆறும்போது விளிம்பில் தங்குகிற கனல் மாதிரி, ஒரு கோடு தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கோடு போகவில்லை. இவள் சாயம் கலந்திருப்பாளோ என்று வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் மொண்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். வெறும் தண்ணீர். நாளாக நாளாகக் கனல் செதில்களுக்குள் இறங்கியது. இதற்கு மேல் சந்தேகப்பட அவருக்கே வழி கிடைக்கவில்லை. போனை எடுத்தார்.

"சிவந்துடுச்சு. கெளம்பி வா."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "மீன் சாட்சி சொன்னப்புறம்தான் நான் யோக்கியனா மாமா?"

"அதான் வான்னு சொல்றேன்ல."

"சிவக்காமலே இருந்திருந்தா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. சிவக்காமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார். அது அவனுக்கும் தெரியும்.

"நான் இங்கயே கெடக்கறேன். இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று மச்சினன் போனை வைத்துவிட்டான்.

திரும்பினார். மனைவி துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"எங்க போற?"

"அவனுக்குக் கஞ்சி வெச்சுக் குடுக்க ஆள் வேணும்."

"எப்ப வருவ?"

அவள் செருப்பை மாட்டினாள். கோபமாகக்கூட இல்லை. போகாதே என்று சொல்ல நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"வீட்டுச் சாவி எடுத்துக்கிட்டியா?"

"நீங்க வீட்லதான இருக்கப்போறீங்க. எனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.