அமுதா என்ற பெயரில்

எங்கள் பதிவு அலுவலகத்தில் பிறப்புக்கு ஒரு ஜன்னல், இறப்புக்கு ஒரு ஜன்னல் என்று பேருக்குத்தான் இரண்டு. இறப்பு ஜன்னல்காரர் முதுகுவலி என்று லீவு போட்டு மூன்று வாரமாகிறது. அவருக்கு முதுகு, எனக்கு முழங்கால். லீவு கிடைத்தது என்னவோ அவருக்குத்தான். ஆக, வருகிறவர்களையும் போகிறவர்களையும் நான் ஒருத்தியே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருஷமாகத் தட்டித் தட்டி எனக்கு எந்தப் பேரும் பேராகத் தெரிவதில்லை. வெறும் எழுத்து.

சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஒரு பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. பெண் குழந்தை, பிறந்து ஆறு நாள், நாளைக் காலையில் இதயத்தில் ஆபரேஷன் என்றார். பேர் வைக்காத பிள்ளையை உள்ளே அனுப்பமாட்டேன் என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

விண்ணப்பத்தோடு ஒரு தாளையும் நீட்டினார். ஐந்து பேர்கள், பக்கத்திலேயே பென்சிலில் அர்த்தம். அழியாதவள், என்றும் இருப்பவள், சாவில்லாதவள். சுற்றி வளைத்து எல்லாம் ஒன்றுதான். எதை ஏற்றவேண்டும் என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி ஒரு உதவி மேடம். இறந்தவங்க பதிவுல இந்தப் பேரெல்லாம் இருக்கான்னு பாருங்க. எது இல்லையோ அத வச்சிடலாம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்படி ஒரு பேர் இருந்தால் முதலில் என் புருஷனுக்கு வைத்திருப்பேனே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். வாதாடுவதைவிடத் தட்டுவது சுலபம். நித்யா பதினேழு பேர். அக்ஷயா ஒன்பது. அமரா நாலு. சஞ்சீவினி இரண்டு. நான் சொல்லச் சொல்ல அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். மிச்சம் அமுதா.

முப்பத்தோரு பேர் வந்தார்கள். முதலில் இருந்தது போன வருஷத்துப் பதிவு. வயது, பதினோரு நாள். பதிந்தவர், நான். அப்பா பேரைப் பார்த்தேன், கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே விலாசம். இதே ஜன்னலில்தான் நின்றிருக்கிறார், எனக்கு முகம்கூட ஞாபகமில்லை. வெட்கமாக இருந்தது.

என் முகத்திலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அது எங்க மூத்தவதான் மேடம். இவளுக்கும் அதே பேருதான் வேணும்ங்கறா என் வீட்டுக்காரி. பேரு என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேக்கறா. எனக்குத்தான் பயமா இருக்கு. அந்தப் பேரு ஆகாதுன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்கன்னு போய்ச் சொல்லிடலாம்னு வந்தேன்."

ஆமாம், ஆகாது என்று தலையாட்டிவிட்டால் நான் சாப்பிடப் போகலாம். மனசு வரவில்லை. பட்டியலைக் கீழே நகர்த்தினேன். வயது என்ற கட்டத்தை நான் சரிபார்ப்பேனே தவிர, படித்ததில்லை.

"வயசச் சொல்றேன், கேளுங்க தம்பி. எண்பத்தொண்ணு. எழுபத்தாறு. இருபத்தேழு. தொண்ணூறு."

இருபத்தேழை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. மிச்சத்தையும் ஒன்றுவிடாமல் வாசித்தேன். பாதிக்குமேல் எழுபதைத் தாண்டியவர்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்.

அவர் பென்சிலை எடுத்து, அடிக்காமல் விட்டிருந்த பேருக்குப் பக்கத்தில் தொண்ணூறு என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்காரியிடம் காட்டவாம். அதையே போடுங்கள் என்றார்.

போட்டேன். கம்ப்யூட்டர் மறித்தது. இதே பெற்றோருக்கு இதே பெயரில் குழந்தை ஏற்கெனவே பதிவாகியுள்ளது, தொடர வேண்டுமா? திரையை அவர் பக்கம் திருப்பினேன். நிதானமாகப் படித்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையசைத்தார். அழுத்தினேன்.

சான்றிதழை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன் மேடம்" என்றார், பழக்கத்தில்.

"வராதீங்க தம்பி," என்றேன்.