வருஷத்துக்கு ஒரு அழுகை

பட்டாபிராமின் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று, ஏசு சிலுவையில் செத்த கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். ஏசுவாக நிற்பவர் அவ்வப்போது மாறுவார். தொப்பை விழுந்துவிட்டால் மாற்றித்தானே ஆகவேண்டும்? மாதா மட்டும் எப்போதும் ஞானசௌந்தரிதான். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் போட்டுக்கொண்டு அவள் வைக்கும் ஒப்பாரியைக் கேட்க ஆவடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அந்த ஒப்பாரிக்கு ஒத்திகை கிடையாது. மற்ற வசனங்களைப் பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் முழுக்க உருப்போடலாம். இதை அன்று ஒரு நாள் மட்டுமே அழவேண்டும் என்பது அந்தப் பங்கின் கட்டுப்பாடு.

அவளுக்கும் அது தோதாக இருந்தது. அவளுடைய ஒரே பையன் ஏரியில் மூழ்கிச் செத்தபோது, ஈரத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஒரே ஒரு தரம் எய்ந்திரு ராசா” என்று கெஞ்சியிருந்தாள். ஒப்பாரியின் கடைசியில் அந்த வரியை மாதாவின் வாயில் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். கோயில் சாமியாரும் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டார். மற்ற நாட்களில் வீட்டில் பையனைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ராணுவத்துக்கு வரும் கூட்ஸ் வண்டி நிற்கும் சைடிங்கில் மூட்டை இறக்கும் அவள் புருஷன் பிரகாசம், அன்று மட்டும் கூட்டத்தின் கடைசியில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுவான்.

எண்பத்தாறில் ரகுநாதன் என்ற டைரக்டர் நாடகம் பார்க்க வந்தார். கெட்டிக்கார மனிதர். அவர் எடுத்திருந்த ஒரே படத்தை மெத்தப் படித்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தியேட்டரில் ஈ ஓடியது. இப்போதுதான் பணம் போட ஒரு தயாரிப்பாளர் சிக்கியிருந்தார். அம்பத்தூர் கம்பெனியில் மிஷினில் சிக்கிச் செத்த மகனின் உடலைத் தாய் வாங்கும் கதை. அந்தத் தாயாக ஞானசௌந்தரிதான் அழவேண்டும் என்று வீடு தேடி வந்து உட்கார்ந்துவிட்டார்.

அது செத்துப்போன தன் பிள்ளைக்கான அழுகை, அன்றைக்கு மட்டும்தான் அழுவது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ரகுநாதன் விடவில்லை. “நீங்க பெத்த புள்ளைக்கு நாடே அழும்மா. படம் இருக்கிற வரைக்கும் அழும்” என்றார். அதில்தான் அவள் விழுந்தாள். எந்தத் தாய்தான் விழமாட்டாள்?

ஆடி மாதத்து வெயிலில், திருமழிசையில் வாடகைக்கு எடுத்த ஒரு ஷெட்டில் அவள் அழுதாள். அந்த வரியையும் சொன்னாள். லைட் பிடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரகுநாதன் ‘கட்’ சொல்ல மறந்து நின்றார்.

படம் வந்த அன்று தெருவே திரண்டு பஸ் ஏறி, பூந்தமல்லி தியேட்டருக்குப் போயிற்று. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சங்கடம் தெரிந்துவிட்டது. கம்பெனிக் கதையைக் காணோம். மழையில் நான்கு பேர் ஆடினார்கள், கதாநாயகன் ஜீப்பை எரித்தான். எங்கேயோ நாடகங்களில் பேர் வாங்கிய நடிகர் ஒருவர் ஜமீன்தார் வேஷத்தில் மீசையைத் தடவியதோடு சரி. அப்புறம் திரை முழுக்க ஞானசௌந்தரியின் முகம் வந்தது. தெருக்காரர்கள் விசிலடித்தார்கள்.

“ஒரே ஒரு தரம் எய்ந்திரு ராசா.”

அடுத்த காட்சியில் சாக்கடை ஓரம் குடித்துவிட்டுக் கிடந்த காமெடி நடிகர் ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்டார்: “எய்ந்தா ஊத்துவியா?”

தியேட்டர் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஹில்டா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசௌந்தரியின் இடப்பக்கமும் ஒரு சிரிப்பு கேட்டது, அடக்க முடியாமல் பீறிட்ட சிரிப்பு. திரும்பிப் பார்த்தாள். பிரகாசம். அவள் பார்த்ததும்தான் அவனுக்கு உறைத்தது. துண்டை எடுத்தான், எதைத் துடைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து ரகுநாதன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தயாரிப்பாளர் தன்னை எடிட்டிங் ரூமுக்குள்ளேயே விடவில்லை என்றும், சோகம் ஓடாது என்று சொல்லி அழுகையைக் காமெடியோடு ஒட்டிவிட்டார் என்றும் சொன்னார். டைரக்டர் என்று போட்ட என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கு அதற்கும் மாட்டேன் என்றாராம். தன் பிழைப்பில் மண் விழுந்ததைச் சொல்லி அவரும் அழுதார். ஞானசௌந்தரி காபி கொடுத்தாள்.

“உங்களுக்கு வேற படம் கெடைக்கும் சார். எனுக்கு அது ஒண்ணுதான் சார் இர்ந்திச்சி” என்றாள்.

அவர் காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அந்தப் படம் ஓடவில்லை. காமெடி மட்டும் ஓடியது. டீக்கடையில், ரயிலில், கல்யாண வீட்டில் யார் எழுந்தாலும் “ஊத்துவியா?” என்றார்கள். தபசு காலம் வந்தபோது, இந்த வருஷம் வேறு யாராவது மாதாவாக நிற்கட்டுமா என்று சாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சனங்கள் சிரித்தால் சிரிக்கட்டும், தன் பிள்ளைக்கு அழாமல் இருக்க முடியாது என்றாள்.

பெரிய வெள்ளி. எலக்ட்ரீஷியன் ஜோசப்ராஜ் ஏசுவாக அவள் மடியில் கிடந்தான். ஒப்பாரி எழுந்தது. கூட்டத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. கடைசி வரிக்கு வந்தாள்.

“ஒரே ஒரு தரம் எய்ந்திரு ராசா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் விம்மினார்கள். கூட்டத்தின் கடைசியில் பிரகாசம் துண்டை முகத்தில் வைத்திருந்தான். எல்லாம் வழக்கப்படியே நடந்தது. அவள்தான் வழக்கமில்லாமல் நிறுத்தியிருந்தாள். யாரோ பதில் சொல்ல இடம் விட்டதுபோல் ஒரு நிறுத்தம். அந்த இடத்தில், அவள் காதுக்குள், சாக்கடை ஓரத்திலிருந்து அந்தக் குரல் சரியாக வந்து கேட்டது.

அவள் சட்டென்று குனிந்து ஜோசப்ராஜின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சனங்கள் அழுதார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.